மணல் கலந்த பெயிண்ட்டும் மதிய நேரக் கடற்காற்றும்

டென்னிஸில் ‘ஹார்ட் கோர்ட்’ என்பது பெயருக்குத்தான் கடினமான தரை. அடியில் ஜல்லியும் தாரும், அல்லது கான்கிரீட்டும் இருப்பது உண்மைதான். ஆனால் பந்து அவற்றைத் தொடுவதே இல்லை. சில மில்லிமீட்டர் கனத்தில் பூசப்பட்ட, மணல் கலந்த அக்ரிலிக் பெயிண்ட்டைத்தான் தொடுகிறது. அந்தப் பூச்சு நாள்பட நாள்படத் தேய்கிறது. மேலே விழும் பந்து வெயிலில் ஒரு மாதிரியும் பனியில் வேறு மாதிரியும் துள்ளுகிறது. பந்து கடந்துவரும் காற்றோ காலையில் இருந்தபடி மதியத்தில் இருப்பதில்லை. ஆகவே ஒரே அளவில், ஒரே நிறத்தில் போடப்பட்ட இரண்டு கோர்ட்டுகள்கூட ஒரே மாதிரி ஆடுவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் நடக்கும் சேலஞ்சர் போட்டியை முன்வைத்து இதை விளக்குவது எளிது.

ஆண்களின் தொழில்முறை டென்னிஸ் ஓர் ஏணி. அடிப்படியில் எம்15, எம்25 என்று பெயர் பெற்ற, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். நடத்தும் போட்டிகள். உயரத்தில் ஏ.டி.பி. 250, 500, 1000 போட்டிகளும், வெல்பவருக்கு 2000 புள்ளி தரும் நான்கு கிராண்ட் ஸ்லாம்களும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை சேலஞ்சர் போட்டிகள். இவற்றிலும் 50, 75, 100, 125, 175 என்று படிகள் உண்டு. வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளியே அந்த எண். நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம் 1995-ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 1997 முதல் 2017 வரை அங்கே சென்னை ஓப்பன் என்ற மேல்மட்ட ஏ.டி.பி. போட்டியே நடந்தது. நடால் ஆடியதும், வாவ்ரிங்கா நான்கு முறை கோப்பை வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. 2018-லிருந்து அதே பெயரில், அதே அரங்கில், ஒரு படி கீழே சேலஞ்சர் போட்டி நடக்கத் தொடங்கியது.

‘கீழ்மட்டப் போட்டி’ என்றதும் ஆட்டமும் கீழ்மட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. 2024 பிப்ரவரியில் இங்கே நடந்த இறுதியாட்டத்தில் சுமித் நாகல் இத்தாலியின் லூக்கா நார்டியை 6-1, 6-4 என்று வென்றார். மறுநாள் வெளியான தரவரிசையில் 121-லிருந்து 98-ஆம் இடத்துக்கு ஏறினார். தோற்ற நார்டி அடுத்த மாதமே இண்டியன் வெல்ஸ் போட்டியில் ஜோகோவிச்சை வீழ்த்தினார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2019 பிப்ரவரியில், சென்னைக்காரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முதல் 100 இடங்களுக்குள் நுழைந்ததும் இதே சேலஞ்சரில் அரையிறுதி ஆடிய பிறகுதான். கிராண்ட் ஸ்லாமின் 128 பேர் கொண்ட பிரதான சுற்றில் 104 பேர் தரவரிசையைக் கொண்டே நேரடியாகச் சேர்கிறார்கள். எனவே 98-க்கும் 121-க்கும் நடுவே உள்ள வேறுபாடு, தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் ஆடித் திணறுவதா, நேராக உள்ளே போவதா என்பதுதான். அந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கும் இடங்களில் ஒன்று நுங்கம்பாக்கத்தின் அந்தப் பெயிண்ட் பூசிய தரை.

தரையின் கட்டுமானத்தைக் கீழிருந்து பார்க்க வேண்டும். முதலில் கெட்டிப்படுத்திய மண், அதன் மேல் இறுக்கி உருட்டிய ஜல்லி, அதற்கும் மேல் தார்க்கலவை அல்லது கான்கிரீட். பிறகு குழிகளை நிரப்பும் அக்ரிலிக் பூச்சு. பணம் கூடுதலாக இருந்தால் ரப்பர் துகள் கலந்த மெத்தைப் படலம் ஒன்றிரண்டும் சேரும். கடைசியாக நிறப்பூச்சு. இந்த நிறப்பூச்சில்தான் மெல்லிய சிலிகா மணல் கலக்கிறார்கள். மணல் பருமனாகவும் அதிகமாகவும் இருந்தால் தரை சொரசொரப்பாகி பந்தைப் பிடித்து நிறுத்தும். குறைந்தால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். போட்டிக்கு முன் புதிதாகப் பூசிய கோர்ட் மெதுவாக ஆடுவதும், ஆண்டுகள் ஓடி மணல் முனை மழுங்கிய பழைய கோர்ட் வேகமாக ஆடுவதும் இதனால்தான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கட்டுமானத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளால் கோத்த நிலம் இது. ஏரிகளை ஒட்டிய பகுதிகளில் களி மிகுந்த மண் பரவலாக உண்டு. மழையில் அந்த மண் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒருவர் களிமண்ணை வெட்டியெடுக்காமல், போதிய ஜல்லியும் வடிகாலும் இல்லாமல் மேலே பெயிண்ட்டை மட்டும் அழகாகப் பூசினால், இரண்டு பருவமழைக்குள் நரம்பு ஓடியது போல வெடிப்பு தெரியும். கோர்ட் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் நீர் வடிவதற்காக ஒரே பக்கமாக நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு சரிவு வைத்துத்தான் போடப்படுகிறது. வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, தேங்கிய இடத்தில் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். நாணயம் முழுகினால் அந்தப் பள்ளத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

இனி பந்து தரையில் விழும் கணம். அது தரையோடு இருப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். அதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன. கீழ்நோக்கி வந்த வேகம் திரும்பி மேல்நோக்கிய வேகமாகிறது. எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதைத் துள்ளல் எண் சொல்கிறது. அது நல்ல ஹார்ட் கோர்ட்டில் சாய்ந்து வரும் பந்துக்கு 0.8-ஐ ஒட்டி இருக்கும். இன்னொரு பக்கம், முன்னோக்கிய வேகத்தை உராய்வு தின்கிறது. எவ்வளவு தின்னும் என்பது உராய்வு எண்ணைப் பொறுத்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் ஐ.டி.எஃப். ‘கோர்ட் வேக மதிப்பு’ கணக்கிடுகிறது. 29-ம் அதற்குக் கீழும் மெதுவான தரை, 45-ம் அதற்கு மேலும் வேகமான தரை.

சோதனையில் பந்தை வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், தரைக்கு 16 டிகிரி சாய்வில், சுழற்சி இல்லாமல் எய்கிறார்கள். அப்போது அதன் முன்னோக்கிய வேகம் மணிக்குச் சுமார் 104 கிலோமீட்டர். துள்ளல் எண் 0.82, உராய்வு எண் 0.65 உள்ள புதுத் தரையில் மோதி எழும்போது அது 69 கிலோமீட்டராகிவிடும். மணல் தேய்ந்து உராய்வு 0.55-க்கு இறங்கியிருந்தால் 74 கிலோமீட்டர் மிஞ்சும். ஐந்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். அங்கிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பந்து ஒரு வினாடியில் நூறில் மூன்று பங்கு முன்னதாக வந்து சேர்கிறது. அதற்குள் ராக்கெட் முனை ஒரு முழம் நகர்ந்திருக்கும். பந்து ராக்கெட்டின் நடுவில் படுவதும் விளிம்பில் படுவதும் அதற்குள் அடங்கிவிடும். வேக மதிப்புக் கணக்கில் முதல் தரை 33 அல்லது 34, இரண்டாவது 43 அல்லது 44. மெதுவை ஒட்டிய வகையிலிருந்து வேகத்தை ஒட்டிய வகைக்கு ஒரே தாவல். நடுத்தர வகையை அப்படியே தாண்டிவிட்டது. காரணம் மணல் முனையின் மழுங்கல் மட்டுமே. புறநகர்ச் சாலையோரக் கோர்ட்டுகளில் படியும் மெல்லிய தூசியும் இதே வேலையைச் செய்யும். அதோடு காலையும் வழுக்கிவிடும். தினமும் கழுவுவது சுத்தத்துக்காக மட்டுமல்ல.

பந்தின் கதை வேறு. விதிப்படி அதன் எடை 56 முதல் 59.4 கிராம். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் வழக்கமான பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். இந்தச் சோதனையை 20 டிகிரி வெப்பத்தில் செய்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் பிப்ரவரி மதிய வெயிலில் கோர்ட்டின் மேல் கிடக்கும் பந்து 20 டிகிரியில் இருக்காது. சூடு ஏறினால் பந்துக்குள் அடைத்த வாயுவின் அழுத்தம் கூடுகிறது. அதைவிட முக்கியமாக, ரப்பர் இளகி, நசுங்கி மீளும்போது ஆற்றலைக் குறைவாகவே விரயம் செய்கிறது. வெப்பம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் துள்ளல் எண் 0.003 கூடும் என்று ஐ.டி.எஃப். கணக்கில் வைத்திருக்கிறது. 23 டிகிரியிலிருந்து 33 டிகிரிக்குப் போனால் 0.82 என்பது 0.85 ஆகும். துள்ளும் உயரம் இந்த எண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒரு மீட்டர் எழும் பந்து 107 சென்டிமீட்டர் எழும். இடுப்பளவில் வந்த பந்து விலாவுக்கு ஏறிவிடுகிறது. டாப்ஸ்பின் போட்டுப் பந்தைத் தோளுக்கு மேல் எகிற வைப்பவருக்கு மதிய ஆட்டம் பிடிக்கும். பந்தைத் தாழ வழுக்கவிடும் ஸ்லைஸை நம்புபவருக்குப் பிடிக்காது.

இங்கே ஒரு முரண் உண்டு. துள்ளல் கூடினால் வேக மதிப்புக் கணக்கில் தரை மெதுவாகிறது, ஏனெனில் உயர எழும் பந்தை எதிர்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஆட்டக்காரர்களோ வெயிலில் ஆட்டம் வேகமாகிறது என்பார்கள். இரண்டும் சரி. சூடான பந்து தரையிலிருந்து மட்டுமல்ல, ராக்கெட்டின் ஸ்ட்ரிங்கிலிருந்தும் துடிப்பாகக் கிளம்புகிறது. அதைக் கட்டுப்படுத்தத்தான் வெயில் நாள்களில் ஸ்ட்ரிங்கை ஒன்றிரண்டு பவுண்டு இறுக்கிக் கட்டித் தரச் சொல்கிறார்கள்.

ஈரக்காற்றைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. சென்னைக் காற்று ஈரம் மிகுந்தது, அதனால் ‘கனமானது’, பந்தை இழுக்கிறது என்று வர்ணனையாளர்கள் சொல்வது வழக்கம். இயற்பியல் இதற்கு நேர்மாறு. நீராவி மூலக்கூறின் எடை 18. நைட்ரஜனுக்கு 28, ஆக்சிஜனுக்கு 32. காற்றில் நீராவி புகுந்தால் கனமானவை விலகி லேசானது வந்து உட்காருகிறது. 33 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, அதே வெப்பத்தில் உள்ள உலர்ந்த காற்றைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் லேசானது. பந்து கனப்பது காற்றால் அல்ல, அதன் மேலுள்ள கம்பளி கலந்த துணியால். அது ஈரத்தை உறிஞ்சி எடை கூடுகிறது. அடி வாங்க வாங்க இழைகள் பிரிந்து பஞ்சாகி, காற்றின் தடையையும் கூட்டுகிறது. தொழில்முறை ஆட்டத்தில் பொதுவாக முதல் ஏழு கேமுக்குப் பிறகும், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒரு தடவையும் பந்துகளை மாற்றுவது இதற்காகத்தான். முதல் முறை மட்டும் ஏழு, ஏனெனில் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி அடிகள் இரண்டு கேமுக்குச் சமம் என்று கணக்கு.

பந்தின் மேல் காற்று செலுத்தும் விசை பெரும்பாலோர் நினைப்பதைவிட அதிகம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செர்வ் செய்த பந்தைக் காற்று அதன் எடையைப் போல் ஐந்து மடங்கு விசையுடன் பின்னுக்குத் தள்ளுகிறது. செர்வ் கோட்டருகே தரையைத் தொடுவதற்கு முன்பே பந்து தன் வேகத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை இழந்துவிடுகிறது. நேர் எதிரே நிற்கும் காற்றே இவ்வளவு செய்தால், பக்கவாட்டில் வீசும் காற்றைச் சொல்ல வேண்டாம்.

சென்னையின் புவியியல் ஆட்டத்துக்குள் நுழையும் இடம் இதுதான். காலையிலும் மாலையிலும் சூரியன் யார் கண்ணிலும் நேராக அடிக்காமல் இருக்க, திறந்தவெளி டென்னிஸ் கோர்ட்டை வடக்கு தெற்காக நீட்டிப் போடுவது உலக வழக்கம். சென்னைக்குக் கடல் இருப்பதோ கிழக்கில். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. எனவே வடக்கு தெற்காக ஓடும் பந்தைக் கடற்காற்று எப்போதும் குறுக்கே தாக்குகிறது. வினாடிக்கு 4 மீட்டர் வீசும் குறுக்குக் காற்று, அதாவது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரை எட்டாத சாதாரணக் கடற்காற்று, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஒரு வினாடி பறக்கும் பந்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்திவிடும். ஒற்றையர் கோட்டுக்கும் இரட்டையர் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே 1.37 மீட்டர்தான். பகல் பன்னிரண்டு மணிக்குக் கோட்டின் மேல் விழுந்த அடி, ஒரு மணிக்குக் கோட்டுக்கு வெளியே விழுவதில் வியப்பில்லை.

நுங்கம்பாக்கம் கடலிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அம்பத்தூர் சுமார் பதினைந்து. ஆவடியும் பூந்தமல்லியும் இருபது. கடற்காற்றின் முகப்பு உள்நாட்டுக்குள் சைக்கிள் வேகத்தில்தான் நகர்கிறது. நுங்கம்பாக்கத்தில் கொடி அசையத் தொடங்கி ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ ஆன பிறகே ஆவடி மரங்கள் அதை உணரும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் கோடை நாள்களில் தாமதம் இன்னும் கூடும். சில நாள் காற்று வந்து சேரும் முன் மாலையே ஆகிவிடும். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கோர்ட்டில் தினமும் மதியம் பயிற்சி எடுக்கும் பிள்ளை, அசையாத காற்றில், கூடுதல் சூட்டில், உயரமாகத் துள்ளும் பந்துக்குக் கையைப் பழக்கியிருக்கும். அதே பிள்ளை நுங்கம்பாக்கத்தில் அதே நேரத்தில் இறங்கினால் குளிர்ந்த, குறுக்கே தள்ளும் காற்றைச் சந்திக்கிறது. முக்கால் மணி நேர தூரம்தான். ஆனால் பந்துக்கு அது வேறு ஊர்.

வெயில் பந்தை மட்டும் சுடுவதில்லை. அக்ரிலிக் தரை காற்றைவிடப் பதினைந்து இருபது டிகிரி கூடுதலாகச் சூடேறும். ஆஸ்திரேலிய ஓப்பனில் 1988 முதல் 2007 வரை இருந்த ரீபவுண்ட் ஏஸ் என்ற ரப்பர் மிகுந்த தரை, கடும் வெயிலில் பிசுபிசுத்துக் காலணியைப் பிடித்து இழுக்கிறது என்று வீரர்கள் புகார் சொன்னார்கள். ஆனாலும் உடலுக்குப் பெரிய எதிரி வியர்வை உலராத காற்று. இதை அளக்க வெப்பமானியின் எண் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு பங்கு, சாதாரண வெப்பமானியின் அளவில் ஒரு பங்கு என்று சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீடு உள்ளது. ஏழு பங்கு ஈரத்துக்கே போவதைக் கவனிக்க வேண்டும். இந்தக் குறியீடு 30.1-ஐத் தொட்டால் ஒற்றையர் ஆட்டத்தில் இரண்டாவது செட்டுக்குப் பின் 10 நிமிட ஓய்வு கேட்கலாம், 32.2-ஐத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று ஏ.டி.பி. 2026 பருவத்துக்கு விதி வகுத்தது.

சென்னைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பிப்ரவரி மதியம் காற்று 31, ஈரத்துணி 24, கறுப்பு உருண்டை 42 என்று கொண்டால் குறியீடு 28.3. ஆடலாம். மே மாதம் காற்று 38, ஈரத்துணி 27, உருண்டை 50 என்றால் 32.7. ஆட்டம் நின்றுவிடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகப் போட்டி நடத்த ஏற்ற சாளரம் ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான். பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. சென்னை ஓப்பன் 2025-ல் அக்டோபர் கடைசி வாரத்தில் தொடங்கியது. சர்வதேச அட்டவணையில் கிடைத்த இடம் அது, வானிலை பார்த்துத் தேர்ந்தெடுத்த இடமல்ல.

சேலஞ்சர் வீரரின் தொழில் ஒரே ஊரோடு முடிவதில்லை. 2023-லும் 2024-லும் சென்னை முடிந்த கையோடு பெங்களூரு என்று பிப்ரவரியில் இந்தியப் பயணம் ஓடியது. இரண்டு ஊரிலும் ஹார்ட் கோர்ட்தான். ஆனால் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று ஏறக்குறைய பத்து சதவீதம் மெலிது. அதே செர்வ் தரையைத் தொடும்போது மூன்று நான்கு சதவீதம் கூடுதல் வேகத்தோடு இருக்கும். வெளி அழுத்தம் குறைவதால் பந்தும் உள்ளிருந்து கூடுதலாக உப்பி நிற்கும். மலையூர்களுக்கென்று தனிப் பந்து உண்டு, ஆனால் விதிப்படி அது 1,219 மீட்டருக்கு மேல்தான். பெங்களூரு அந்த உயரத்துக்கு எட்டவில்லை. கடற்கரைப் பந்தையே அங்கும் அடித்தாக வேண்டும். சென்னையில் கோட்டுக்குள் விழுந்த அடி அங்கே ஓரடி நீளும். அதைச் சரிசெய்ய வீரருக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு நாள் பயிற்சி.

2023-ல் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல் சென்னை, பெங்களூரு, புனே சேலஞ்சர்கள் மூன்றையும் அடுத்தடுத்த மூன்று வாரங்களில் வென்றார்.